தட்டில் வந்த போன்

என் கல்யாணம் ஏன் நின்றது என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். கேட்ட போனை மாப்பிள்ளை வாங்கித் தரவில்லையாம், பெண் கோபித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். காந்தி பஜாரில் பூ வாங்கப் போன இடத்தில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒரு அம்மாள் இதை இன்னொரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு போனுக்கோசரம் நல்ல இடத்தை உட்டுட்டாளே, இன்னா திமிரு பாரு" என்றார். நான் கேட்ட போனைத்தான் மாப்பிள்ளை வாங்கித் தந்தார். அதை அங்கே விளக்காமல் பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நிச்சயதார்த்தத் தட்டில் புடவை, பூ, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கோடு ஒரு போனும் இருக்கும். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவது. கல்யாணம் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ள. சபையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் புடவையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, போன் பெட்டியைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஊர் அவலூர்பேட்டை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் உரக்கடை வைத்திருந்தார். பெண் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே கூப்பிட்டுப் பேசினார். "தட்டுல வெக்கிற போனு உனுக்குப் புடிச்சதா இருக்கணும். ரெண்டு போனு சொல்றாங்க. ரெண்டுமே இப்போதிக்கு டாப்பு. எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்குப் பாடத்தை எடுக்கச் சொன்னது அண்ணன். இந்தப் பள்ளியில் சேரச் சொன்னதும் அண்ணன். குற்றமாகச் சொல்லவில்லை. நைனா போன பிறகு லோடு வண்டி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். வீட்டில் எல்லா முடிவும் அவனுடையது, எல்லா போனிலும் இருப்பது அவனுடைய மெயில்தான், அம்மாவின் போனில்கூட. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளிடம் வந்து ஒருவர், உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அண்ணன் வைத்திருந்து எனக்குத் தள்ளிவிட்ட, ஓரம் விரிசல் விட்ட பழைய போனில் அந்த இரண்டு புதுப் போன்களையும் பற்றிய வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். ஒன்றுக்கு மாமியார் என்று பெயர் வைத்தேன். மதிப்பு ஜாஸ்தி, வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம், எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றி வைக்க விடாது. இன்னொன்று கொழுந்தன். சொன்னபடி வளையும், எழுதப் பேனா வைத்திருக்கும், எங்கேயோ இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும், கொஞ்சம் பகட்டு. வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். தொண்டை கிழியப் பேசிவிட்டு, முடிவில் "ரெண்டுமே நல்ல போன்தான், உங்க தேவையைப் பொறுத்தது" என்று கையைக் கழுவிவிடுவார்கள். தேவை எனக்கே தெரிந்தால் உன் வீடியோவை ஏன் பார்க்கிறேன்?

அதுவும் அவர்கள் சோதிப்பதெல்லாம் மழையும் பனியும் வெளிநாட்டுத் தெருவும். செஞ்சி வெயிலில் எது தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. கோடையில் இங்கே பாறையெல்லாம் பழுத்து, பொழுது சாய்ந்த பிறகும் ஊரே அனலடிக்கும். வெயிலில் திரை தெரியுமா, சூடேறினால் நின்றுவிடுமா, பஸ்ஸில் போகும்போது சிக்னல் அறுந்து போகுமா என்று நானே தேடித் தேடிப் பார்த்து, தினமும் சாயங்காலம் அவருக்குச் சொல்வேன். "டீச்சரு, டீச்சரு" என்று சிரிப்பார். அப்படித்தான் பேச ஆரம்பித்தோம். பிள்ளைகள், சமையல், சொத்து எதையும் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேட்டரியும் கேமராவும் பேசியே பழகினோம்.

திருவண்ணாமலை ரோட்டில் புதிதாகத் திறந்த கடையில் இரண்டையும் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அவர் அவலூர்பேட்டையிலிருந்து வந்தார், நான் அண்ணனோடு போனேன். தனியாகப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கொழுந்தனில் என்னையும் அண்ணனையும் படம் எடுத்துப் பார்த்தால், இருவர் முகத்திலும் அரிசி மாவு அப்பியது மாதிரி வெள்ளை. "எங்க நெறத்தை மாத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அதை அணைத்துவைக்க முடியும் என்று கடைக்காரர் செய்து காட்டிய பிறகுதான் விட்டேன். கடை வாசலில் நின்று ராஜகிரிக் கோட்டை உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலே யாரோ ஒருவர் துண்டால் முகம் துடைப்பது தெரிந்தது. மாப்பிள்ளை போனை என்னிடமிருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் ஜூஸ் வாங்கப் போயிருந்தான்.

அவருக்கென்று கேள்விகள் இருந்தன. கேமராவைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. "போனு தொலைஞ்சிபோச்சுன்னா எங்க இருக்குதுன்னு எதுல கரெக்டா காட்டும்?" என்று ஒருநாள். "போன்ல வர்ற மெசேஜை கம்ப்யூட்டர்லயும் தொறந்து வெச்சிக்கலாமா?" என்று இன்னொரு நாள். என் பொருள் தொலையக்கூடாது என்று எவ்வளவு அக்கறை என நினைத்து, வகுப்பில் சொல்வதைப்போல் படிப்படியாக விளக்கினேன். எந்த மெயில் போட வேண்டும், எதைத் தொட வேண்டும், எது எதற்கு அனுமதி கொடுக்க வேண்டும், எல்லாம். கடைசியில் கொழுந்தன்தான் என்று முடிவு சொன்னேன். "எனுக்கும் அதான் தோணுச்சு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நிச்சயம் நன்றாக நடந்தது. தட்டில் போன் வந்தது. சபை கலைந்ததும் அண்ணன், "குடு பாப்பா, கண்ணாடி ஒட்டி எல்லாத்தையும் போட்டு எடுத்தாரேன்" என்று பெட்டியோடு வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. வழக்கம்போல் அண்ணன் மெயில் போட்டிருப்பான் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. அத்தனை வீடியோ பார்த்தவள், ஒரு போனுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

அதன் பிறகு கொஞ்ச காலம் நான் தரையில் நடக்கவில்லை. சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. கிளிப்பச்சையில் ஒரு புடவை வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அடுத்த தடவை கிளிப்பச்சையே கொண்டுவந்தார். தலைவலியோடு வீட்டுக்கு வந்தால், "மாத்திரை போட்டியா?" என்று கூப்பிடுவார். ஒருநாள் மத்தியானம் எனக்குக் கல்யாணத்தை நினைத்து மனசே சரியில்லை. அன்று சாயங்காலம் அவராகவே, "எதுக்கும் பயப்படாத, நான் இருக்கேன்" என்றார். போனை வைத்துவிட்டு நிம்மதியில் அழுதேன். என்னோடு வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர்தான் எனக்கு எல்லாம். அவளிடம், "வாய் தொறக்காமலே புரிஞ்சிக்கிறாருடி" என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். நானும் அவளும் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அப்படியே தோன்றி, பனமலை போய் வந்தோம். வீட்டில் சொல்லவில்லை, யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. கோயிலில் கும்பிட்டு, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்து கடலை தின்றோம். இருட்டும் முன்பு வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"ஏரியில தண்ணி இருந்துதா?"

"எந்த ஏரிங்க?"

"பனமலை ஏரிதான்."

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"மனசு சொல்லிச்சு" என்று சிரித்தார்.

புடவை நிறத்தை மனசு சொல்லலாம். தலைவலியைக்கூடச் சொல்லலாம். ஏரியை எப்படிச் சொல்லும்? போனை வைத்ததும் உள்ளே போய்ப் பார்த்தேன். அண்ணன் மெயில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய மெயில் இருந்தது. நான் இருக்கும் இடம் எப்போதும் அவருக்குத் தெரியும்படி திறந்துவிடப்பட்டிருந்தது. என் மெசேஜ்கள் வேறொரு கம்ப்யூட்டரில், அந்த நிமிடத்திலும், திறந்திருந்தன. உரக்கடைக் கம்ப்யூட்டர். யூரியாவுக்கு பில் போட்டுக்கொண்டே என்னைப் படித்திருக்கிறார்.

அறிவியல் டீச்சருக்கு நான் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். கிளிப்பச்சைப் புடவை அதில் இருந்தது. தலைவலி இருந்தது. "எனுக்கு பயமா இருக்குதுடி, அந்த வீட்ல நான் நானா இருப்பனா?" என்று அந்த மத்தியானம் எழுதியதும் இருந்தது. நான் இருக்கேன் என்று அவர் சொன்னது இதைப் படித்துவிட்டுத்தான். என் பயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து, அதற்கே எனக்கு ஆறுதலும் சொல்லி, என்னை நிம்மதியாக அழவும் வைத்திருக்கிறார். அந்த அழுகையை நினைக்க இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை அவன் முன்னால் வைத்தேன்.

"இவர் மெயிலை இதுல போட்டது நீயாண்ணா?"

அவன் மழுப்பக்கூட இல்லை. "ஆமா. மாப்ள கேட்டாரு, எப்டி போடணும்னு அவரே சொல்லிக் குடுத்தாரு. இன்னா இப்போ?"

நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நாளைக்கி அவரு பொண்டாட்டிதானே நீ? பார்த்தா இன்னா தேஞ்சா போயிடுவ? தப்பு பண்ணாதவளுக்கு இன்னா பயம்?" என்றான். பிறகு அம்மாவிடம், "ரசம் ஊத்து" என்றான்.

அவர் செய்ததை வெளியாள் செய்தது என்று ஒதுக்கிவிடலாம். என்னைத் தூக்கி வளர்த்த கை, என்னைக் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு வந்து ரசம் கேட்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போனிலிருந்து சிம்மைக் கழற்றினேன், எல்லாவற்றையும் அணைத்தேன், பெட்டியில் போட்டுப் பையில் வைத்தேன். நேரில் போய்க் கேட்டுவிடுவது, சரியான பதில் இல்லையென்றால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். முன்கூட்டித் தெரிந்தால் ஏதாவது கதை கட்டிவைத்திருப்பார், அதனால் சொல்லாமல் போகவேண்டும். அண்ணன் வண்டியோடு வெளியே போயிருந்தான். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அவலூர்பேட்டை போயிட்டு வரேம்மா. அண்ணன்கிட்ட சொல்லாத." அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "சொல்லல, பத்திரமா போயிட்டு வா" என்றாள். அந்த வீட்டில் எனக்கு ஒருத்தியாவது இருக்கிறாள் என்று பஸ் ஏறினேன்.

அவலூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரிலேயே அவர் நிற்கிறார். கையில் எனக்கு ஒரு இளநீர்.

"வெயில்ல வந்திருக்கிற, மொதல்ல குடி. நீ எங்க இருக்கிறன்னு போனுல ஒண்ணும் காட்டல. நல்லவேளை, உங்க அம்மா மச்சானுக்குச் சொல்லி, மச்சான் எனுக்குச் சொன்னாரு" என்றார்.

நான் கேட்க வைத்திருந்த கேள்விக்கெல்லாம் அதிலேயே பதில் இருந்தது. பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். "புடிக்கலயா? அந்த இன்னொண்ணை வாங்கித் தரட்டா?"

"எதுவும் வேணாங்க. கல்யாணமும் வேணாம்" என்றேன். பெட்டியை அவர் வாங்காததால் கடைப் படியில் வைத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை. அம்மா என் கன்னத்தைத் தொட்டதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அண்ணன் பைக்கில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான். நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஏறு பாப்பா" என்றான்.

நான் ஏறவில்லை. நடக்க ஆரம்பித்தேன். அவன் வண்டியை எடுத்து, என் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தான்.