மிதிக்கக் கூடாத இடம்

என் எழுத்து கோணல், ஞாபகமும் மட்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கூச்சத்தையும் பொறுக்க வேண்டும்... மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன்.

போன மாதம் என் மருமகள் செசீலி நடவு வயலிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். முதுகின் ஒரு பக்கம், விலாவுக்குக் கீழே, உயிர் போகிற வலி. குளிர்க்காய்ச்சல் வேறு.

சுளுக்கு என்றோம். நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு வேறென்ன வரும்?

சுளுக்கென்றால் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவர்கள் முதுகில் மிதிக்க வேண்டும். அடுத்த தெரு காமாட்சி அப்படிப் பிறந்தவள். உடனே வந்தாள். செசீலியைக் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

"பயப்படாத ஆத்தா. எங்க வீட்டுக்காரரையே மிதிச்சிருக்கேன். இன்னும் உசுரோடதான இருக்காக."

எல்லோரும் சிரித்தோம். செசீலி மட்டும் சிரிக்கவில்லை. ஒதுங்க வேண்டும் என்றாள். கைத்தாங்கலாக வைக்கோற்போருக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

சொட்டுச் சொட்டாக விழுந்தது. சிவப்பாக.

மகன் வண்டி பூட்டினான். காமாட்சியும் ஏறிக்கொண்டாள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம்.

அங்கே டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டும் டிரெஸ்ஸர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள் என்று. விடிவதற்கு முன்னால் என்றாள் செசீலி. நடவு நாளில் எல்லாப் பெண்களும் அப்படித்தானே? வரப்பு நெடுக ஆண்கள் நிற்கிறார்கள் — எங்கே போய் ஒதுங்குவது? அதனால் பொழுது சாய்கிறவரை குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்வோம். அதற்கு அடக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

மிதிக்க இருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மிதிக்கிறதுக்கு அது என்ன நெல்லுக் களமா? அங்கனதான் குண்டிக்காய் இருக்கு."

ஆட்டுக்கு இருப்பது நமக்குமா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை வறுத்திருப்பேன்... ஒருநாளும் தோன்றவில்லையே!

மொச்சைக்கொட்டை வடிவமாம், கைம்முட்டி அளவாம். முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உடம்பின் ரத்தமெல்லாம் திரும்பத் திரும்ப அதற்குள் போய் வருமாம். அழுக்கையும் மிஞ்சிய தண்ணீரையும் அது வடித்தெடுக்கும், அதுதான் மூத்திரம். மெல்லிய குழாய் வழியாகக் கீழே மூத்திரப் பைக்கு இறங்கும். பை சேர்த்து வைப்பதோடு சரி.

நானோ, குடித்த தண்ணீர் நேரே பையில் விழுகிறது என்றே இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன். ரத்தத்திலிருந்தா வருகிறது?

தண்ணீர் குறைந்தால் உப்பு இறுகிக் கல்லாகுமாம். செசீலிக்கு அந்தக் கல்தான் குழாயைக் கீறியிருந்தது. பிழைப்பாளா என்று மகன் கேட்டான். காய்ச்சல் இறங்கட்டும் என்றார், அவ்வளவுதான். காமாட்சி தன் இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

செசீலி மருந்தும் பார்லித் தண்ணீருமாகக் கிடந்தாள். கல் விழுந்தது, காய்ச்சலும் விட்டது. தேவன் காத்தார்.

இப்போது எங்கள் வயலில் உச்சி வெயிலில் ஒரு குரல் கேட்கும். காமாட்சிதான். "ஏலே, எல்லாரும் மேக்க பாத்து நில்லுங்க!" ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். பெண்கள் ஒதுங்கிவிட்டு வருகிறார்கள்; வந்ததும் ஆளுக்கொரு செம்பு குடிக்கிறார்கள்.

கேட்டதில் பாதியை மறந்து எழுதியிருப்பேன். வைத்தியம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துப் பிழையைச் சொல்லுங்கள்.

அதுவரை மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.