அண்ணியின் ஏழுகல் தோடு

எங்கள் அண்ணி பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் காதில் ஏழுகல் தோடு மின்னியது. தலையைத் திருப்பினால் நீலமும் சிவப்புமாகப் பொறி பறக்கும். அம்மா அதை வைரம் என்றே முடிவுகட்டி, குழாயடி வரைக்கும் சொல்லிவிட்டாள். வைரத்தைக் கழுவும் முறைப்படி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் துலக்கியும் கொடுப்பாள். அண்ணி சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்ததால், இதாவது அமையாதா என்று எனக்குக் கவலை. ஆவடி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய வெள்ளைக்கல் தோடுதான் என்னிடம் இருந்தது. அதுவும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று அம்மா அன்று காலையில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுவைத்தாள். போச்சு! எடுத்தபோது கல்லெல்லாம் கருவாட்டுக் கண்ணாய்ச் செத்துக் கிடந்தது. நான் அழுதே விட்டேன்.

"இது கண்ணாடிக் கல்லு அத்தே. பின்னாடி வெள்ளித்தாள் ஒட்டிக்கீது, தண்ணி பூந்தா கறுத்துடும்," என்ற அண்ணி, தன் தோட்டைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

மாலையில் மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா மின்னு மின்னுது! வைரமா?"

"அசல் வைரம்," என்றாள் அம்மா பெருமையாக.

"அப்ப கல்யாணத்துக்கும் இதையே போட்டு அனுப்புவீங்கல்ல?"

மருமகள் நகையை எப்படிக் கொடுப்பது? அண்ணிதான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது என்னோடதுங்க. வைரமில்ல, அமெரிக்கன் டைமண்டு. எங்கம்மா ஊட்டுல வைரம் வாங்கற வசதி இல்ல."

எப்பேர்ப்பட்ட தைரியம்! தன் மாமியார் கட்டிவைத்திருந்த பெருமையை எல்லார் எதிரிலும் தானே இறக்கி வைத்துவிட்டாளே.

மாப்பிள்ளையின் அம்மா தோட்டைக் கழற்றச் சொல்லிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தாள் ஏதும் ஒட்டாமல் கல் திறந்தே இருந்தது. "அட, இது தண்ணிக்குக் கறுக்காதா? என்னோடதெல்லாம் கறுத்துப்போச்சு, எங்க கெடைக்குதும்மா?" என்று அண்ணி பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போது நாள் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா அண்ணி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இத்தினி நாளா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே அத்தே. தெருவெல்லாம் சொல்லிக்கினு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க."

அண்ணி கீழே வைத்திருந்த காபித் தட்டை அம்மா தானே எடுத்தாள். பிறகு, "காலையிலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல, வா," என்றாள்.