இரண்டு பேர் சீட்டு

பஸ்ஸில் இடம் பிடிப்பதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி நிற்பதற்கு முன்பே அதன் கூடவே ஓடுவார். இறங்குகிறவர்கள் படியை அடைத்துக்கொண்டு நிற்கும்போதே தோளில் கிடக்கும் துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக உள்ளே வீசிவிடுவார். துண்டு விழுந்த சீட்டில் வேறு ஆள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பஸ்ஸே சேர்ந்து நியாயம் கேட்கும். துண்டு இல்லாதவர்கள் பை, குடை என்று கையில் இருப்பதைப் போடுவார்கள். குழந்தையைத் தூக்கி ஜன்னல் வழியே உள்ளே இறக்கி, "அங்கியே குந்திகினு இரு" என்று சொல்லிவிட்டுப் படியைச் சுற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதுதான் சட்டம். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன், பஸ்ஸைக் கண்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

அன்றைக்கு அந்தத் திறமைதான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமத்தில் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் அறுவடை அது. வீட்டில் மாமியார், அவர், வயதுக்கு வந்து பள்ளிக்கூடம் நின்றுபோன நாத்தனார், நான். மாமனார் எப்போதோ போய்விட்டார். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. நான் தும்மினால் மாமியாருக்குக் கேட்கும், மாமியார் புரண்டு படுத்தால் எனக்குக் கேட்கும். அறுவடை தொடங்கியதிலிருந்து நெல்லுக்குக் காவல் என்று அவர் களத்திலேயே படுத்துக்கொண்டார். நாத்தனார் என்னோடு ஒட்டிக்கொண்டு தூங்குவாள். சோறு போடும்போது "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா" என்று கேட்பதும் அவர் "போதும்" என்பதும்தான் அந்த நாட்களில் எங்கள் குடித்தனம்.

இதற்கு நடுவில்தான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் சம்பளத்துக்கு மெட்ராஸ் பக்கம் போகிற முதல் ஆள் அவர்தான். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். மாமியார் ஏற்பாட்டை எல்லாம் தானே செய்துவிட்டாள். அவர் அங்கே நாலு பசங்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து போவது, நான் இங்கேயே இருந்து மாட்டையும் வயலையும் பார்த்துக்கொள்வது. கடைசி வார்த்தை வாலாஜாபாத்தில் இருந்த அவருடைய தாய்மாமன் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் அவரைப் பார்க்கப் போவதாக முடிவானது.

என் புருஷன் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாமா முன்னால் "அவளையும் கூட்டிகினு போறேன்" என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லிவைக்க எனக்கு ஒரு இடம் வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்ததில் அந்த பஸ்தான் கிடைத்தது. இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும். என்ஜின் சத்தத்தில் நான் பேசுவது முன்னால் இருக்கிறவர்களுக்குக் கூடக் கேட்காது. வாலாஜாபாத் வருவதற்குள் ஆளைக் கரைத்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் போட்ட அரிசியை இரண்டு முறை கிளறினேன். கட்டின புடவையை அவிழ்த்து வேறு கட்டினேன். பஸ் ஏறச் சுங்குவார்சத்திரத்துக்கு நடந்து போகும்போது மாமியாருக்கு முன்னால் போவதும், பிறகு தப்பு என்று தோன்றிப் பின்தங்குவதுமாக இருந்தேன். "இன்னாடி, கால்ல முள்ளு குத்திச்சா" என்று மாமியார் கேட்டாள்.

அன்று நல்ல முகூர்த்தம். சத்திரம் வரை வந்து அங்கேயே திரும்பிப் போகிற வாலாஜாபாத் வண்டிக்குக் கல்யாணக் கூட்டம் பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மாமியார் டீக்கடை ஓரமாகத் தண்ணீர் வாங்கப் போன சமயம் பார்த்து நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேர் சீட்டாகப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்பார், கண்ணாலாவது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். வண்டி வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. அவர் ஓடினார். துண்டு பறந்தது. பிறகு டிரைவர் பக்கக் கதவு வழியாக எப்படியோ ஏறி, உள்ளே இருந்தபடி ஜன்னலில் கையை நீட்டி எங்களை வா வா என்று கூப்பிட்டார். நான் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினேன். யாரோ ஒருத்தி என் காலை மிதித்தாள், நானும் ஒருத்தியின் காலை மிதித்தேன். போய்ப் பார்த்தால், பெண்கள் பக்கத்தில், மூன்று பேர் உட்காருகிற சீட்டின் குறுக்கே துண்டு நீளமாக விரிந்து கிடக்கிறது.

"மூணு பேருக்கும் ஒண்ணா புடிச்சிட்டேன்" என்றார். அந்த நெரிசலில் வேர்த்து வழிந்துகொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார். மாமியாருக்கு ஜன்னல் ஓரம், தங்கைக்கு நடுவில், எனக்கு இந்த ஓரம். குடும்பத்துப் பெண்பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தாகிவிட்டது. ஆம்பிளை நின்றுகொண்டு வருவான். இதைவிட நல்லபடியாக ஒருவன் சீட்டுப் பிடிக்க முடியாது என்று அந்த பஸ்ஸில் இருந்த எந்த மாமியாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தத் துண்டை எடுத்து அவர் மூஞ்சியில் அடிக்கலாம் போல இருந்தது.

கூட்டம் ஏற ஏற அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். வண்டி புறப்பட்டபோது அவர் பின் படிக்கட்டுப் பக்கம் எங்கோ இருந்தார். உயர்த்திக் கம்பியைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அதுகூட அவர் கைதானா என்று சரியாகத் தெரியவில்லை. வெளியே ஏரிக்கரை ஓடியது, பனைமரங்கள் ஓடின. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் யாராவது இறங்குவார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை, ஏறத்தான் ஏறினார்கள். வளையலைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தூங்கவிடு அண்ணி என்றாள்.

பாதி வழி போயிருக்கும். இனி தாங்காது என்று ஒரு பொய் சொன்னேன். தலையைச் சுற்றுகிறது, குமட்டுகிறது, பின்னால் படிக்கட்டுக்கிட்ட காத்தோட்டமாகப் போய் நிற்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு எல்லாரும் வழிவிடுவார்கள் என்பது என் கணக்கு. கல்யாணமான புதுசில் ஒரு பெண் குமட்டுகிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரத்தில் என் மர மண்டைக்கு உறைக்கவில்லை.

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "குந்து, குந்து" என்று கையைப் பிடித்து இழுத்து, நாத்தனாரை எழுப்பி நகர்த்தி, என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாம்பூலப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொள் என்று கொடுத்தாள். பக்கத்தில் நின்றவள் விசிறினாள். இதற்குள் மாமியார் குனிந்து எத்தனை நாளாகிறது என்று என் காதில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே அடுத்ததையும் முடிவு செய்துவிட்டாள்.

"அப்ப நீ எங்கியும் போவ வேணாம். நானே பாத்துக்கறேன். அண்ணன் கைல சொல்லிட்றேன்" என்றாள்.

ஒரு ஓரம் திறந்திருந்த கதவை நானே இழுத்துச் சாத்திவிட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை அத்தை, சும்மா தலைசுற்றல்தான் என்றேன். மாமியார் கேட்கிற நிலையில் இல்லை. எதிர் சீட்டுக்காரியிடம், முதல் பிள்ளை வீட்டிலே பிறந்தால்தான் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். தூரத்தில் வாலாஜாபாத்தின் அரிசி மில் புகைபோக்கி தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவோம். எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. எழுந்து நின்று, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிக் கத்தினேன்.

"இன்னாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு நீங்க போம்போது என்னியும் இட்டுகினு போங்க. மாமா கைல நீங்களே சொல்லுங்க. உங்கள வுட்டுட்டு என்னால இங்க இருக்க முடியாது."

என்ஜின் சத்தத்தை நம்பி வந்தவள் நான். அன்று அந்த என்ஜின் கூட மெதுவாக ஓடியது போல இருந்தது. பஸ் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. கண்டக்டர்தான் முதலில் பேசினார். "யாருப்பா அது வூட்டுக்காரரு, பதில் சொல்லுப்பா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பின்னால் தலைகளுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது. இறங்கிப் பேசிக்கொள்ளலாம் என்றது.

மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். திட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த சந்தோஷம் அந்த முகத்திலிருந்து இறங்கிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அவளை ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. பஸ் நின்றதும் இறங்கினோம். இறங்கிய பிறகு பேசலாம் என்றவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

மாமா வீட்டில் பாயை விரித்து உட்காரச் சொன்னார்கள். காப்பி வருவதற்குக் கூட மாமியார் காத்திருக்கவில்லை. "மருமவளும் கூடவே போறா. குடித்தனம் வெக்கற மாதிரி ஒரு வூடு பாக்க சொல்லு" என்றாள் தன் அண்ணனிடம். மாமா புருவத்தை உயர்த்தி, இதுவரை வேறு மாதிரி அல்லவா சொன்னாய் என்று கேட்டார். ஒரு பஸ் ஜனம் கேட்டாகிவிட்டது, நாளைக்கு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். மாமா மருமகனைப் பார்த்து அப்படியாடா என்றார். இவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காப்பி கொண்டுவந்த மாமாவின் பெண்டாட்டியைக் கூடப் பார்த்தார். பிறகு, அம்மா சொன்னால் சரி என்றார். அவ்வளவு பெரிய விஷயம் அந்த இரண்டு பேச்சில் முடிந்துபோனது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனாலும் சாப்பிட்ட சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் நாத்தனாரையும் கட்டிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் புரண்டு படுக்கிற சத்தம் ஒன்றுதான் இருக்கும் என்று எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

சாயங்காலம் திரும்பி வந்த வண்டி காலியாக இருந்தது. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மாமியாரும் நாத்தனாரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் அதற்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் பார்க்க நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலையிலிருந்து பறந்த பறப்பு இதற்காகத்தான். இப்போது பேச ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் மாமியாரின் பின்கழுத்தையும், வண்டி குலுங்கும்போது அவள் தோளில் ஆடிய நாத்தனாரின் தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப தூரம் வந்த பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?" என்றேன்.

முன் சீட்டிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், மாமியார் சொன்னாள்.

"அவன் சொல்லிருக்க மாட்டாண்டி. பெத்தவ எனக்குத் தெரியாதா?"