வேல்ஸ் சுரங்கத்திலிருந்து தாமுவே வரை: பந்தாட்டக்காரரான எங்கள் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அப்பாவை நம் ரங்கூன் தாமுவே கடைத்தெருவில் தையல் மிஷின் பழுதுபார்த்த வெள்ளைக்காரராகத்தான் தெரியும். லுங்கி கட்டிக்கொண்டு, வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். அரைகுறைத் தமிழில் எல்லோரிடமும் பேசுவார். அவர் ஒரு காலத்தில் பந்து விளையாடியே சம்பளம் வாங்கியவர் என்பதும், அந்த வாழ்வு எப்படி முடிந்தது என்பதும் சிலருக்கு மட்டுமே தெரிந்தவை. அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. எனக்குத் தெரிந்ததையும் அம்மா சொல்லக் கேட்டதையும் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தபோது அம்மா ஒன்று சொன்னார்கள்: "நல்லதை மட்டும் எழுதாதே. அவருக்குப் பிடிக்காது."

அப்பா பிறந்தது வேல்ஸ் தேசத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு நிலக்கரி ஊரில். "நான் இங்கிலீஷ்காரன் இல்லை" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் பேசிய மொழி வேறு. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் பேசியதற்காக வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறார். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பெரியப்பாக்களும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். மீசை முளைக்கும் முன்பே அப்பாவும் அதே குழிக்குள் இறங்கினார். பெரியப்பா ஒருவர் கூரை சரிந்து உள்ளேயே இறந்துபோனார். அவர் உடலை வெளியே கொண்டுவந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

குழியிலிருந்து அவரை மேலே ஏற்றியது பந்து. ஊர்க் குழுவில் ஆடியதைப் பார்த்து வட இங்கிலாந்தின் துணி ஆலை நகரம் ஒன்றிலிருந்த பந்தாட்டக் கழகம் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டது. அப்பா ஆடிய இடம் களத்தின் நடுப்பகுதி. ஹாஃப் பேக் என்பார்கள். முன்னால் நின்று கோல் போடுகிறவர்களுக்கும், பின்னால் நின்று தடுக்கிறவர்களுக்கும் இடையில் ஓடுகிறவர். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் இருப்பவன் ஓடப் போகும் இடத்துக்கு அவனுக்கு முன்பே அனுப்ப வேண்டும். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள்; கொடுத்தவனை யாரும் தேட மாட்டார்கள். அது தனக்குப் பிடித்திருந்தது என்பார் அப்பா.

வேல்ஸ் தேசத்துக்காக ஆட ஒருமுறை அவருக்கு அழைப்பு வந்தது. அதே நாளில் கழகத்துக்கு ஓர் ஆட்டம் இருந்தது. "சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம்" என்று கழகத்தார் விட மறுத்துவிட்டார்கள். இரண்டாவது அழைப்பு வரவே இல்லை. அடுத்த குளிர்காலத்தில் சேறாகிக் கிடந்த மைதானத்தில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. ஓரளவு நடக்க முடிந்ததும் அலுவலகத்துக்குப் போனார். அவருடைய பூட்ஸை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்களாம்.

மறுபடியும் குழிக்குள் இறங்க அவர் மனம் ஒப்பவில்லை. சுரங்கத்து இயந்திர வீட்டில் கற்ற வேலையை நம்பிக் கப்பலேறினார். ரங்கூன் ஆற்றோரத்தில், அரிசி ஆலைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. கம்பெனியின் வெள்ளைக்காரர் பந்தாட்டக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கால் கெட்டிருந்தாலும் அவர்களில் யாரும் அப்பாவுக்கு ஈடில்லை. அதனால் கொஞ்ச காலம் அவருக்கு மரியாதை இருந்தது.

அம்மாவின் தகப்பனார், எங்கள் தாத்தா, அதே பட்டறையில் ஃபிட்டர். அப்பா மலேரியாவில் விழுந்து, பார்க்க ஆளில்லாமல் கிடந்தபோது தாத்தாதான் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர். சில நாள் அம்மாவும் கூடப் போனார்கள். உடம்பு தேறியதும் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தா வீட்டு வாசலில் வந்து நின்று பெண் கேட்டார்.

"துரை, உங்க ஆளுங்க உங்களை விட்டுடுவாங்க. எங்க ஆளுங்க எங்களை விட்டுடுவாங்க. பிள்ளைங்க எங்கே நிக்கும்?" என்று தாத்தா கேட்டார்.

அதற்கு அம்மாதான் பதில் சொன்னார்கள், கையோடு அப்பாவுடன் புறப்பட்டுப் போய். நான் பிறந்து பேச ஆரம்பித்த பிறகுதான் தாத்தா எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

தாத்தா சொன்னதுபோலவே நடந்தது. கல்யாணம் ஆன அடுத்த ஆட்டத்துக்கு அப்பா போனபோது அவருடைய சட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டு நின்றார். ஒருவரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம். அப்பா திரும்பி, அதே மைதானத்தின் மறுகோடியில் பட்டறைக் கூலியாட்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். தமிழர்கள் நிறையப் பேர், சில தெலுங்கர்கள். கோல் காத்து நின்றவர் கோ தின் என்ற பர்மியர். எல்லோருக்கும் வெறுங்கால். அப்பா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினார். அன்று முதல் அதுதான் அவருடைய குழு. கோ தின் அவரை வாத்தியார் என்ற பொருளில் 'சயா' என்று கூப்பிட, மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அந்தக் குழுவில்தான் வளர்ந்தார். மெலிந்த உடம்பு, நல்ல வேகம். அப்பா நாற்பதைத் தாண்டியும் நடுவில் நின்று ஆடினார்; மாமா வலப்பக்கம் முன்னால் ஓடுவார். அப்பாவின் தலை திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்து வந்து இருவரும் ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு, "அத்தான், அந்தப் பந்தைக் கொஞ்சம் மெதுவா விட்டிருக்கலாம்" என்று இவரும், "நீ கொஞ்சம் வேகமா ஓடியிருக்கலாம்" என்று அவரும் சண்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்த காலம் அது.

கம்பெனிகளுக்கு இடையே மழைக்காலத்தில் நடந்த பந்தயம் ஒன்றில் எங்கள் குழு முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரர் குழுவோடு மோதியது. நானும் தம்பியும் அம்மாவோடு குடைக்குள் நின்று பார்த்தோம். மாமா ஒரு கோல் போட்டார். கூலியாட்கள் நின்ற பக்கம் முழுக்கக் கூச்சல். எதிர்க்குழுவில் பின்னால் நின்று தடுத்தவர் ஒரு கம்பெனியின் உதவி மேலாளர். முகம் சிவந்துபோயிருந்தது. சற்று நேரத்தில் அப்பா மறுபடியும் பந்தை வலப்பக்கம் தள்ளினார். மாமா ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டார். பந்து விலகிப் போய்விட்ட பிறகு அந்த மனிதர் பூட்ஸ் காலால் மாமாவின் வயிற்றில் உதைத்தார்.

மாமா எழுந்துவிட்டார். எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். அப்பா ஓடிவந்து பார்த்தபோது, "ஒண்ணுமில்ல அத்தான், நீங்க போங்க" என்றார். ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் தோற்றோம். டிராமில் வீட்டுக்குப் போகும்போதே மாமாவின் உதடு வெளுத்துவிட்டது. வயிறு கல்லாக இறுகியது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடிக்கடி மலேரியா வந்ததில் மண்ணீரல் வீங்கியிருந்தது, எது பட்டாலும் வெடித்திருக்கும் என்று டாக்டர் எழுதினார். தகனத்தின்போது தாத்தா அப்பாவைப் பார்த்து, "பந்தைக் கொடுத்தது யாரு? நீதானே கொடுத்தே" என்றார். அதுவரை அவர் அப்பாவைத் 'துரை' என்றோ 'நீங்க' என்றோ அல்லாமல் பேசியதில்லை.

விசாரணை என்று வந்தது. பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் கூலிகள் சொல்வது எடுபடாது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களில் எங்கள் பக்கம் இருந்து பார்த்தவர் அப்பா ஒருவர்தான். விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பட்டறை மேலதிகாரி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அவர் இங்கிலீஷில் பேசியது எனக்குப் புரிந்தது.

"நீ தூரத்தில் இருந்தாய். மழை பெய்தது. சரியாகத் தெரியவில்லை என்று சொல். அது பொய்யும் ஆகாது. உன் வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது."

அவர் போன பிறகு அப்பா அதை அம்மாவிடம் தமிழில் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

"சொன்னா வீடு போகும்" என்றார்கள். "சொல்லாட்டியும் என் தம்பி வரப்போறதில்ல. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"பார்த்ததை சொல்லுவேன்."

"அப்ப சாமானைக் கட்டி வைக்கிறேன்."

அம்மா அன்றைக்கே சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். நான் கூட நின்று கயிறு பிடித்தேன்.

விசாரணையில் அப்பாவிடம், இவ்வளவு மழையில் இத்தனை தெளிவாக எப்படிப் பார்த்தீர் என்று அந்தப் பக்கத்து வக்கீல் கேட்டாராம். "பந்து எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குப் பல வருஷம் கூலி கொடுத்தார்கள். பந்து போய்விட்டது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. என் மச்சினனைத்தான் பார்த்தார்" என்றார் அப்பா. செத்தவர் உமக்கு உறவா என்று வக்கீல் அடுத்துக் கேட்டார். ஆமாம் என்றார். அதோடு அவர் சாட்சிக்கு மதிப்பில்லாமல் போயிற்று. விளையாட்டில் நேர்ந்த விபத்து என்று முடிவாயிற்று. உதைத்தவர் அடுத்த மாதம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்.

அப்பாவின் வேலை போனது. வீடு போனது. ரங்கூனில் எந்த வெள்ளைக்காரக் கம்பெனியும் அவரை வாசலுக்குள் விடவில்லை. தாமுவேயில் மரைக்காயர் பாய் தம்முடைய துணிக்கடை ஓரத்தில் ஒரு பெஞ்சு போட இடம் கொடுத்தார். தையல் மிஷின், சைக்கிள், பூட்டு என்று வந்ததையெல்லாம் அப்பா பழுதுபார்த்தார். பின்னால் இருந்த மரவீட்டின் ஓர் அறையில் நாங்கள் குடியிருந்தோம். பட்டறைக் குழு கலைந்துவிட்டது. அப்பா அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. மைதானம் இருக்கும் சாலை வழியாகப் போகவும் மாட்டார், சுற்றிக்கொண்டு வருவார்.

குடித்தார். அதை மறைக்க அம்மா விடமாட்டார்கள். குடித்தால் சத்தம் போட மாட்டார். மேஜைமேல் விரலால் கோடு இழுத்துக் களத்தைப் போடுவார். "இடது பக்கம் ஆள் சும்மா நின்னான். இடது பக்கம் கொடுத்திருக்கலாம்" என்பார். முதலில் அம்மா சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் பள்ளிப் பாடம் படித்திருக்கிறேன்.

ஆனாலும் தம்பியும் நானும் படிப்பை விடக்கூடாது என்பதில் அவர் ஒருபோதும் தளரவில்லை. தமிழ்ப் பள்ளிக்கு வேண்டாம், இங்கிலீஷ் பள்ளியில் மட்டும் போடுங்கள் என்று சிலர் சொன்னபோது கோபப்பட்டார். "அம்மா பாஷையை அடிச்சு விரட்டினா பிள்ளைக்கு வலி போகாது" என்றார். இன்று நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக இருப்பதும், இதைத் தமிழில் எழுதுவதும் அவரால்தான்.

நெஞ்சில் அடைத்திருந்த சுரங்கத்துத் தூசி கடைசி வருஷத்தில் வெளியே வர ஆரம்பித்தது. இருமினால் கறுப்பாக வரும். படியேற முடியவில்லை. பிறகு எழுந்து உட்காரவே முடியவில்லை. கடைசி வாரங்களில் தமிழை மறந்தார். அதன்பின் இங்கிலீஷும் போயிற்று. சிறுவயதில் அவர் வீட்டில் பேசிய மொழி மட்டும் மிஞ்சியது. எங்களைப் பார்த்து நீளமாக எதையோ சொல்வார், கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார். இந்த நகரத்தில் அந்த மொழி தெரிந்த ஒருவரையாவது கண்டுபிடிக்கத் தம்பி துறைமுகம் முழுக்க அலைந்தான். கிடைக்கவில்லை. அம்மா மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் தமிழில், "ஆமாங்க, சரிங்க" என்று பதில் சொன்னார்கள். அவர் என்ன கேட்டார் என்று எங்களுக்கு இனித் தெரியப்போவதில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் மூச்சு நின்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாடகை என்ற சொல்லையே எடுக்காத மரைக்காயர் பாய்க்கும், நோய்க்காலத்தில் தினமும் கஞ்சி அனுப்பிய அவர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பா எந்தக் கோயிலுக்கும் போகாதவர் என்று தெரிந்தும், கேட்டதும் வந்து ஜெபம் சொன்ன தமிழ்ச் சபைப் போதகருக்கு நன்றி. கோ தின் அப்பாவைக் குளிப்பாட்டினார், சவரம் செய்துவிட்டார், ஒரு பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் தம்பியோடு சேர்ந்து செய்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பட்டறையில் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தும் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து பெட்டியைச் சுமந்த பழைய குழுவினர் அனைவரையும் வணங்குகிறோம்.

தாத்தா அப்பாவின் அடக்கத்துக்கு வரவில்லை. மாமாவின் தகன நாளுக்குப் பிறகு அவர் எங்களோடு பேசவும் இல்லை. அவர்மேல் எங்களுக்கு வருத்தம் கிடையாது, அப்பாவுக்கும் இருந்ததில்லை. இந்த மலர் அச்சகத்திலிருந்து வந்ததும் ஒரு பிரதியைத் துணியில் சுற்றித் தாத்தாவுக்கென்று தனியாக வைக்கப் போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. அவர் வந்தால் நான் படித்துக் காட்டுவேன்.