சம்மனசு சொன்ன சம்மதம்

என் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது அமெரிக்காவில் இருந்த என் கொழுந்தன் விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தார். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சோப்பும் சாக்லேட்டும் கொடுத்தவர், என் மகளுக்கு மட்டும் ஒரு சிடி கொடுத்தார். போட்டுப் பார்த்தால், வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கையை ஆட்டி ஆட்டி அம்மாவிடம் பால் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குக் கைஜாடை கற்றுக்கொடுத்துவிட்டால் அழுகையே இருக்காதாம், மூளையும் அபாரமாக வளருமாம்.

"அங்கெல்லாம் இதுக்குக் கிளாஸே இருக்கு மதினி" என்றார்.

நம்மூர்ப் பிள்ளைகள் உட்காரத் தொடங்கியதுமே கை கூப்பும், டாட்டா காட்டும், நிலாவைக் கூப்பிடும், மாதா சுரூபத்துக்கு முத்தம் அனுப்பும். அதற்கெல்லாம் யாரும் சிடி போட்டதில்லை. ஆனால் அதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. டிவிக்குள்ளிருந்து வருவதுதான் கல்வி என்று என் மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கல்வி என்ற சொல் காதில் விழுந்தாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

பாடம் தொடங்கியது. விரலை மூடி மூடித் திறந்தால் பால். இரண்டு கை விரல்களையும் குவித்து நுனியோடு நுனி தட்டினால் இன்னும் வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் வெளிப்பக்கம் திருப்பி உதறினால் 'போதும்' என்று பொருள். பால் ஜாடையைப் பார்த்த பால்காரர், பாப்பா நல்லாக் கறக்குது என்று பாராட்டிவிட்டுப் போனார். மகள் கற்றுக்கொண்டாளோ இல்லையோ, வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் பாஸாகிவிட்டோம். மாமனாரே சாப்பிடும்போது ரசம் போதும் என்பதைக் கையை உதறித்தான் சொன்னார். மேலெல்லாம் சோறு தெறிக்கும்.

மகளுக்கும் ஒருநாள் வந்துவிட்டது. சிறுமலை வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். விரல் நுனிகளைத் தட்டி இன்னும் கேட்டாள், கொடுத்தேன். வயிறு நிறைந்ததும் கையை உதறினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிண்டல் அடித்ததெல்லாம் மறந்து, அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தேன்.

வினை அதற்கடுத்த வாரம் வந்தது. பக்கத்து வீட்டக்கா குடத்தோடு வாசலுக்கு வந்து, "ஏத்தா, இன்னைக்காச்சும் குழாய்ல ஆத்தூர் டேம் தண்ணி வருமா, சொல்லுத்தா" என்று பிள்ளையைக் கேட்டார். நம்மூரில் சின்னப் பிள்ளையிடம் குறி கேட்காத ஆள் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைக் காட்டி, உள்ளே தம்பியா பாப்பாவா என்று கேட்போம். கபடில்லாத வாய், சொன்னால் பலிக்கும் என்பது நம்பிக்கை. என் மகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள். கையை உதறினாள். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை.

திண்டுக்கல்லில் தண்ணீர் வராது என்று சொல்லத் தீர்க்கதரிசி தேவையில்லை. ஆனாலும் அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பரீட்சை ரிசல்ட், வேலை மாற்றல், தொலைந்த மூக்குத்தி என்று ஆள் ஆளாக வர ஆரம்பித்தார்கள். காலையில் அவள் பசியோடு இருக்கும்போது வந்தவர்களுக்கெல்லாம் நல்ல காலம் பிறந்தது. சாப்பிட்ட பிறகு வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள். நான் இதைச் சொன்னால், பெத்தவளுக்குப் பிள்ளை அருமை தெரியாது என்றார்கள்.

கிளி சோசியக்காரரை வாசல் கேட்டுக்குள் விடாதவர் என் மாமனார். குறி கேட்பது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். "அது வேற, இது வேற. இது சம்மனசு" என்றார். கோயில் பீடத்தில் இறக்கையோடு நிற்கும் சம்மனசுகளுக்கு என் மகளைப் போல மூக்கு ஒழுகுவதில்லை. மற்றபடி பொருத்தம்தான்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனாருக்கு வரன் வந்தது. அவள் கணக்கில் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தவள். மாப்பிள்ளை வீடு கொடைரோடு, வேலை மும்பையில். பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு.

சாப்பிடும்போது அவள் தெளிவாகச் சொன்னாள். "எனக்கு இந்த இடம் வேணாம்ப்பா. வேலைய விட மாட்டேன்."

மாமனார் என்னைப் பார்த்து, "செத்த வெஞ்சனம் வைம்மா" என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். மோர் கேட்டார். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறந்ததும், "எதுக்கு வளத்தணும், ஞாயித்துக்கிழமை அவுக வரும்போது பிள்ளையவே கேட்டுப்புடுவோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயுள்ள மகள் எதிரே உட்கார்ந்து சொல்கிறாள், அவருக்குப் பல் முளைக்காத பேத்தியின் கருத்து வேண்டுமாம்.

நாத்தனார் கணக்கு டீச்சர் அல்லவா, கணக்குப் போட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிள்ளையை வாங்கி, பழமும் இட்லியும் பாலும் மூச்சு முட்ட ஊட்டினாள். வயிறு நிறைந்தால் கை தானாக உதறும் என்பது அவள் நம்பிக்கை. ஆனால் என் மகள் எங்கள் வீட்டுப் பிள்ளை. வந்தவர்கள் முன்னால் லட்டுத் தட்டை வைத்ததும் அவள் கண் அங்கே போய்விட்டது. மாமனார் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஏத்தா, அத்தைக்கு இந்தக் கல்யாணம் முடிச்சுரலாமா?" என்றார்.

அவள் லட்டைப் பார்த்தபடி இரண்டு கை விரலையும் தட்டு தட்டென்று தட்டினாள்.

"பாத்தீகளா! வேணும்னு சொல்லுது" என்று மாமனார் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். அங்கேயே தேதி குறித்துவிடுவார்கள் போலிருந்தது.

காப்பித் தட்டோடு வந்த நாத்தனார் அதை ஸ்டூலில் வைத்தாள். நிமிர்ந்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, வளையல் குலுங்க, வெளிப்பக்கம் திருப்பி உதறினாள்.

எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் உரை தேவைப்படவில்லை. என் மகளுக்கோ அத்தை தன்னோடு விளையாடுகிறாள் என்ற குதூகலம். லட்டை மறந்துவிட்டு அவளும் உதறினாள். அத்தை பார்க்கிறாள் என்று திரும்பத் திரும்ப உதறினாள்.

"இப்ப என்ன சொல்லுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

என் மாமனார் பொய் சொல்லாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "போதுமாம்" என்றார். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"சம்மனசே சொல்லிருச்சு, நாம என்ன செய்ய" என்று மாமனார் ஈஸிசேரில் சாய்ந்தார். அடுக்களைக்கு வந்த நாத்தனார் சிரித்தாள். பிறகு அழுதாள். "நானுந்தான மதினி கைய ஆட்டுனேன்? என்னைய ஒருதரம் நிமிந்து பாத்தாரா?" என்றாள். வேலை தப்பித்ததே என்று சொல்லித் தேற்றினேன். எனக்கே அது போதாத ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு வரன் வந்தது. தாடிக்கொம்பில் வீடு, திண்டுக்கல்லிலேயே வங்கி வேலை. அவள் வேலைக்குப் போவதில் அவருக்குத் தடையில்லை. கோயில் திருவிழாவில் பார்த்துப் பேசியும் இருந்தார்கள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவிடம் நேராகவே சொன்னாள். அவர் பேத்தியைக் கூப்பிட்டார்.

அதற்குள் என் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்திருந்தது. "எனக்குத் தெரியாது தாத்தா. அத்தையக் கேளுங்க" என்றாள்.

"வாயப் பாரு! பெரியவுக விசயத்துல உனக்கென்ன?" என்று அவளை விரட்டினார்.

பேச்சு வந்ததும் அருள்வாக்கு நின்றுபோயிற்று. மாமனார் முடிவு சொல்லாமல் நாளைக் கடத்தினார். நாத்தனார் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மாலை, அவர் பேத்தியைத் தன் முகம் பார்க்க மடியில் வைத்திருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அந்த இடம் என்னாச்சுப்பா?" என்று கேட்டபடி ஒரு லட்டைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே ஒரு லட்டு இருந்தது. பேச முடியாமல், மறந்தே போயிருந்த பழைய ஜாடையை எடுத்தாள். விரல் நுனிகளைத் தட்டினாள்.

"உத்தரவு வந்துருச்சு!" என்று மாமனார் எழுந்தே விட்டார்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று ஊரையே கேட்டார்கள். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் பங்குச் சாமியார் நாத்தனாரைப் பார்த்து, முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று கேட்டார். அவளை நேராகப் பார்த்து ஒருவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"சம்மதம்" என்றாள். மைக் கிறீச்சிட்டு, கடைசி வரிசை வரை கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த மாமனார் என் பக்கம் சாய்ந்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இம்புட்டுச் சத்தம்?" என்றார்.