நெகட்டிவில் காணாமல் போன மீசை

இன்று காலை என் தாடையில் இருந்த முடிகளைக் காணோம்!

கண்ணாடியில் இருக்கின்றன. தங்கை மகள் தன் புதுப் போனில் எடுத்த படத்தில்தான் இல்லை. மேலுதட்டு மீசையும் சேர்ந்து போயிருக்கிறது.

"கேமராவே கிளீன் பண்ணிடும் பெரிம்மா. நெஜத்துலயும் எடுக்கணும்னா சொல்லுங்க, லேசர் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி வூட்டுலயே பண்ற மெஷின் ஆர்டர் போட்டுடலாம்."

கிளினிக்கா, மெஷினா? இந்தக் கேள்வி எனக்குப் பழையது.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. பாப்பாரப்பட்டியில் வீடு, ஒரு நாளிதழில் தருமபுரிச் செய்தியாளர் வேலை. மேலுதட்டில் மெல்லிய மீசை, தாடையில் சில முடிகள். (துல்லியம் கேட்பவர்களுக்கு: ஏழு.)

கம்பைநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் படத்தில் அடர்ந்த மீசை. பதிலுக்கு என் படம் வேண்டுமே! அம்மா என்னைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். படம் அங்கிருந்து நேராகத் தபாலில் போனது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, அடுத்த ஞாயிறு நேரில் பார்க்க வருகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கையில் இருந்த இன்னொரு பிரதியை நிதானமாகப் பார்த்தேன். மீசை இல்லை.

ஸ்டூடியோக்காரரிடம் போனேன். "என்னாங்கண்ணா இது?"

"கல்யாணப் போட்டோதானம்மா? நெகட்டிவுல பென்சில் வெச்சு மறைச்சுட்டேன். பொண்ணுங்களுக்குக் கேக்காமயே பண்ணிருவேன். பரு, தழும்பு, மீசை ஒண்ணும் நிக்காது."

"ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கு மீசை கம்மியா இருந்தா, பிரிண்டுல மை வெச்சுக் கூட்டி வுடுவோம். எல்லா ஸ்டூடியோவுலயும் வழக்கந்தான்."

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஸ்டூடியோக்காரர் மீது கோபமே வரவில்லை.

"போட்டோவுல இருக்கற மாதிரி மூஞ்சி இருக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள அதை எடுத்தாவணும்டி. இந்த எடமும் போச்சுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

முதலில் மெஷின். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்காவுக்குத் துபாயிலிருந்து கணவர் அனுப்பியது. கரண்டில் சுருள்கம்பி சுற்றும், முடியைக் கவ்விப் பிடுங்கும்.

"இது காலுக்குன்னு அனுப்பிச்சாரு. மூஞ்சிக்கு ஆவுமான்னு தெரியலயே" என்றார் அக்கா.

அன்று மதியம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் பம்ப்செட் ஓடியது. ஊரில் வோல்டேஜ் இல்லை. வெடுக்கென்று பிடுங்க வேண்டிய கம்பி, முடியைக் கவ்விக்கொண்டு யோசித்து யோசித்து இழுத்தது. நடுவில் கரண்டே போய்விட்டது!

மெஷின் என் மேலுதட்டில் தொங்குகிறது.

"அக்கா!"

"அசையாதடி. சிரிக்காத!"

"நான் எங்கக்கா சிரிக்கறேன்? நீங்கதான் சிரிக்கறீங்க!"

அக்கா கம்பியைக் கையால் பின்பக்கம் சுற்றி என்னை விடுவித்தார். அரை அங்குலம் மீசை போயிருந்தது. அந்த இடத்தில் வீக்கம் வந்திருந்தது.

அடுத்தது புதன்கிழமை, சேலத்தில் ஒரு பியூட்டி பார்லர். எலக்ட்ராலிசிஸ் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒவ்வொரு முடியின் வேரிலும் ஊசி விட்டுக் கரண்ட் வைப்பது. அந்தம்மா என் முகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க" என்றேன்.

"அதுக்குள்ள ஆவாதுங்க. ஒவ்வொண்ணா எடுக்கணும். மாசக்கணக்குல வரணும். இன்னைக்கு ஆரம்பிச்சா ஞாயித்துக்கெழமை மூஞ்சி செவந்து திட்டுத்திட்டா இருக்கும்."

"எடுத்தா திரும்ப முளைக்காதா?"

"வேர் செத்தது முளைக்காது. பக்கத்துல புதுசா வந்தா நான் பொறுப்பில்லீங்க."

நேர்மையான பெண்மணி. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

தொப்பூர் ஏற்றத்தில் பஸ் திணறிக்கொண்டிருந்தபோது, வீங்கிய உதட்டைத் தடவியபடி யோசித்தேன். ஞாயிறுக்குள் மெஷினால் முடியாது. ஊசியாலும் முடியாது. ஞாயிறுக்குள் சரிசெய்யக் கூடியது போட்டோ ஒன்றுதான்! எங்கள் பத்திரிகையில் தப்பான படம் வந்தால் மறுநாளே திருத்தம் போடுவோம். இதற்கும் போட்டால் என்ன?

தருமபுரியில் இறங்கி நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"அண்ணா, அந்தப் பென்சிலைத் துடைச்சுட்டு இன்னொரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."

"பொழப்பைக் கெடுக்காதம்மா. மீசையோட ஒரு பொண்ணு போட்டோ, என் ஸ்டூடியோ சீல் குத்தி வெளிய போனா ஊருல என்னா பேசுவாங்க?"

"சீல் குத்தாமக் குடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பஞ்சால் துடைத்துப் பிரிண்ட் போட்டார். என் மீசை திரும்பி வந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'திருத்தம். முன்பு அனுப்பிய படத்தில் பெண்ணின் மீசை எங்களைக் கேட்காமல் நீக்கப்பட்டுவிட்டது. சரியான படம் இத்துடன். மாப்பிள்ளையின் படத்தில் மை ஏதும் வைத்திருந்தால் தெரிவிக்கவும்.'

தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வர்றவங்களை வர வேணாம்னு நீயே எழுதிப் போடுவியா?"

"வர வேணாம்னு எழுதலம்மா. யாரைப் பாக்க வர்றாங்கன்னு எழுதியிருக்கேன்."

சனிக்கிழமை கார்டு வந்தது. 'படம் கிடைத்தது. ஞாயிறு வரவில்லை.' இரண்டே வாக்கியம். செய்தி எழுதத் தெரிந்த குடும்பம். (மை பற்றித் தகவல் இல்லை.)

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஷம்ஷாத் அக்கா வந்து மாப்பிள்ளையின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏங்க, இந்த மீசைய ஈரத்துணி வெச்சுத் தொடச்சுப் பாக்கலாமா?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சோறு போட்டாள்.

அந்தத் திருத்தப் படத்தையே என் அடையாள அட்டையிலும் ஒட்டினேன். (பிறகு கல்யாணம் ஆனதா என்று கேட்காதீர்கள். இந்தப் பதிவு முடியைப் பற்றியது.)

எடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எடுங்கள். லேசரோ, மெஷினோ, அவரவர் முகம், அவரவர் முடிவு. என் முகத்தில் மட்டும் என்னைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அன்றைக்கு ஸ்டூடியோ அண்ணனிடம் சொன்னேன், துடைத்தார். இந்தப் போனிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பென்சிலை அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். படத்தை மறுபடி எடுக்க வேண்டும்.