பழைய கணினியில் இருந்த தங்கை

தெருவில் அவளுக்குப் பெயர் பிழை அக்கா. வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். கடைப் பலகையில் ஒற்று விடுபட்டிருந்தால்கூட நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

பதினெட்டு வருடமாக அவளிடம் இருந்தது ஒரே கணினி. அதைத் தட்டிவிட்டு, அரிசி களைந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்தால், அப்போதுதான் திரை விழிக்கும். போன மாதம் அது மக்கர் செய்ய, கம்ப்யூட்டர்காரர் வந்து திறந்து பார்த்தார்.

“இது இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குக்கா. புதுசுக்கு மாறிடுங்க.”

“பழசு என்னை ஒண்ணுமே கேக்காதுப்பா. பேசாம வேலை பாக்க விடும்.”

“புதுசு கொஞ்சம் கேள்வி கேக்கும்தான். ஆனா பாதியில படுத்துக்காது.”

அது உண்மைதான். புதியது கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. கடவுச்சொல் கேட்டது, புதுப்பிக்கட்டுமா என்று நச்சரித்தது. ஆனால் நானூறு பக்க நூலைத் திறந்தபோது ஒருமுறைகூட முடங்கவில்லை. பழையது அதற்குள் நாலு தடவை மூச்சை விட்டிருக்கும்.

பழைய கோப்புகளையும் கம்ப்யூட்டர்காரர் இதில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதில் ‘வீடு’ என்ற கோப்பைத் திறந்தாள். திரை முழுக்கக் கோழி கிளறியது போலக் குறிகள். பதறிப்போய் அவருக்குப் போன் செய்தாள்.

“எதுவும் போயிடலக்கா. பழைய எழுத்துரு இதுல இல்ல, அவ்வளவுதான்,” என்றவர், மறுநாள் காலையில் வந்து அதையும் போட்டுவிட்டுப் போனார். கிறுக்கல் தமிழானது.

அவளும் தங்கையும் ஒன்றாக இருந்த காலத்துக் கோப்பு அது. தங்கை நர்ஸ். தங்கை வரும்போது இவள் தூங்கியிருப்பாள், இவள் எழும்போது தங்கை கிளம்பியிருப்பாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அதில்தான் எழுதி வைப்பார்கள்.

‘குழம்புல உப்பு கம்மி. மூஞ்சிய தூக்காத.’

‘என் நீலக் குடைய தொட்டா கொலை விழும்.’

‘வார்டுல ஒரு கொழந்த என் வெரல விடவே இல்லக்கா. நீ முழிச்சிருந்தா சொல்லிருப்பேன்.’

வரிக்கு ஒரு பிழை. கை துறுதுறுத்தது. ஒன்றையும் அவள் திருத்தவில்லை.

தங்கை கடல் தாண்டிப் போய்ப் பதினோரு வருடம். போனில் இரண்டு நிமிடப் பேச்சு: சாப்பிட்டியா, சாப்பிட்டேன். புதியதில் முகம் பார்த்துப் பேசலாமே என்று ஞாயிறு காலையில் அழைத்தாள். தங்கைக்கு முன்முடி நரைத்திருந்தது. குழந்தை விரலைப் பிடித்த வரியை இவள் படித்துக் காட்டினாள்.

“நானா எழுதினேன்? எந்தக் குழந்தைக்கா?”

“நீதான்டி. ஞாபகம் இல்லையா?”

“சுத்தமா இல்ல.”

அவள் கோப்பை மூடப் போனாள். தங்கையே கேட்டாள்: “இன்னும் இருக்கா? படி.”

படித்தாள். குடைக்குத் தங்கை குலுங்கிச் சிரித்தாள். வேறொரு வரிக்கு மூக்கை உறிஞ்சினாள். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள்.

“போகணும்க்கா.”

“சரிடி, போ.”

இன்னும் அறுபது பக்கம் மிச்சமிருந்தது. அடுத்து எப்போது பேசலாம் என்று தங்கை சொல்லவில்லை. அவளும் கேட்காமல், நிறுத்திய வரியில் ஒரு குறி வைத்துவிட்டுக் கோப்பை மூடினாள்.